கள்ள நோட்டு விளக்கின் கதை

நம் குடியிருப்புக்கு வரும் கூரியர் பொட்டலங்களில் கொஞ்ச நாளாக ஒரு சின்ன ஊதா டார்ச்சும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒருவர் நோட்டு பார்க்க வாங்கினார், இன்னொருவர் பூனை அசுத்தம் செய்த இடத்தைக் கண்டுபிடிக்க வாங்கினார். மூன்றாமவர் காய்கறி மேல் அடித்தால் கிருமி சாகும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கினார். "நீங்கதான் பேங்க்ல இருந்தீங்களே, இதைப் பத்தி எழுதுங்களேன்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார்.

நான் படித்தது பி.காம். இயற்பியலுக்கும் எனக்கும் பள்ளியோடு சரி. ஆனாலும் அந்த விளக்கோடு பல வருடம் ஒரே கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில், ஓய்வுக்குப் பிறகு தேடிப் படித்ததைத் தொகுத்துத் தருகிறேன். இந்த விளக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால், எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது தானாக விளங்கிவிடும்.

ஊதாவுக்கு அப்பால்

ஆங்கிலத்தில் இதற்கு பிளாக் லைட் என்று பெயர். வெளிச்சம் எப்படிக் கருப்பாக இருக்கும்? நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்பதுதான் அதன் பொருள். ஒளி என்பது அலை. அந்த அலையின் நீளத்தை நானோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மீட்டரை நூறு கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள அலைகளே நம் கண்ணில் நிறங்களாகத் தெரிகின்றன. 700 பக்கம் சிவப்பு, 400 பக்கம் ஊதா. அதற்கும் கீழே போனால் புற ஊதா. பிளாக் லைட் இந்த எல்லைக்குச் சற்று வெளியே, பெரும்பாலும் 365 நானோமீட்டரை ஒட்டி நிற்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1800-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியின் நிறங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. செய்தி ஜெர்மனிக்குப் போனது. அங்கே ஜெனா நகரில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் என்ற இளைஞர் இருந்தார். மருந்துக் கடையில் தொழில் பழகியவர். ஒரு பக்கம் ஒளிந்திருந்தால் மறுபக்கமும் ஒளிந்திருக்க வேண்டுமே என்று யோசித்தார். வெளிச்சம் பட்டால் கருக்கும் சில்வர் குளோரைடை நிறமாலையில் வைத்துப் பார்த்தார். சிவப்பில் மெதுவாகவும் ஊதாவில் வேகமாகவும் கருத்தது. ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில்தான் மிக வேகமாகக் கருத்தது. இது நடந்தது 1801-ல்.

அந்தச் சோதனையின் சாயலை நாம் ஒவ்வொரு தேர்தலிலும் விரலில் சுமக்கிறோம். 1962 பொதுத் தேர்தல் முதல் நம் நாட்டில் வாக்காளர் விரலில் வைக்கப்படும் மையில் இருப்பது சில்வர் நைட்ரேட். அது தோலில் உள்ள உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாகி, வெளிச்சம் பட்டதும் கருத்து ஒட்டிக்கொள்கிறது. சோப்பு போட்டாலும் போகாது.

நீலம் காட்டிய தண்ணீர்

கண்ணுக்குத் தெரியாத ஒளி இருக்கிறது, சரி. நோட்டில் எண்கள் மின்னுவது ஏன்? அந்தக் கதை இன்னும் பழையது. 1565-ல் ஸ்பெயினின் செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு மரத்தைப் பற்றி எழுதினார். அதை ஊறவைத்த தண்ணீர் நீலச் சாயல் காட்டியது. சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து என்று அதைக் குடித்தார்கள். பின்னாளில் பிலிப்பைன்ஸிலிருந்தும் இதே குணமுள்ள மரக் கோப்பைகள் ஐரோப்பாவுக்குப் போயின. அந்தப் பிலிப்பைன்ஸ் மரம் நம்மூர் வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது. சர்க்கரைக்கு நல்லது என்று பொருட்காட்சிகளில் வேங்கைமரக் குவளை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். தெளிந்த தண்ணீர் ஏன் நீலம் காட்டுகிறது என்பதற்கு மூன்று நூற்றாண்டு யாருக்கும் சரியான பதில் தெரியவில்லை.

பதிலைச் சொன்னவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஆண்டு 1852. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தின் கரைசலை ஒரு குழாயில் எடுத்துக்கொண்டு, முப்பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியில் ஒவ்வொரு நிறமாக நகர்த்தினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எதிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஊதாவைத் தாண்டி இருட்டுப் பகுதிக்குப் போனதும் குழாய் நீலமாக ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது கொயினா. ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்திலும் இந்தக் குணம் இருந்ததால் இதற்கு ஃப்ளோரசென்ஸ் என்று பெயரிட்டார். தமிழ்ப் பாடநூல்களில் இது உடனொளிர்தல். அடுத்த பத்தாண்டில் ஆங்கிலேயர்கள் நீலகிரியில் சின்கோனா மரம் பயிரிட்டு, நடுவட்டத்தில் காய்ச்சி எடுத்ததும் இதே கொயினாதான். கசப்புக்குப் பெயர்போன அந்த மருந்துக்கு இப்படி ஒரு அழகும் உண்டு.

எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பெரிய நோட்டைக் கொடுத்துச் சில்லறை மாற்றுவது போன்றது இது. புற ஊதாவின் ஒவ்வொரு துணுக்கும் அதிக சக்தி உள்ளது, அதாவது பெரிய நோட்டு. பொருள் அதை வாங்கிக்கொள்கிறது. கொஞ்சத்தை வெப்பமாகக் கமிஷன் பிடித்துக்கொண்டு, மீதியைச் சக்தி குறைந்த நீலமாகவோ பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தருகிறது. கமிஷன் பிடிப்பதால், வரும் ஒளி எப்போதும் கொடுத்த ஒளியைவிடச் சிறிய நோட்டுதான். இந்த விதிக்கு ஸ்டோக்ஸ் பெயரே வைத்திருக்கிறார்கள். எல்லாப் பொருளும் சில்லறை தராது. மாற்றித் தரும் மூலக்கூறு எதில் இருக்கிறதோ, அதுதான் ஒளிரும். விளக்கை அணைத்ததும் ஒளிர்வும் நின்றுவிடும். இருட்டில் நெடுநேரம் மின்னும் கடிகார முள், சாமி படம் எல்லாம் வேறு வகை. அதற்கு நின்றொளிர்தல் என்று பெயர்.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவர் குறுக்கே வருகிறார். 1907 முதல் 1917 வரை இந்திய நிதித் துறையில் கணக்கு அதிகாரியாக வேலை பார்த்து, அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் ஆய்வு செய்த சர் சி.வி. ராமன். அவர் அந்த வேலையை விட்டுக் கல்கத்தாவில் முழுநேரப் பேராசிரியரான பிறகு, 1923-ல் அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன் தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். சிதறி வரும் ஒளியில் மங்கலாக இன்னொரு நிறமும் கலந்து வந்தது. தண்ணீரில் ஏதோ கலப்பு இருக்கிறது, அது உடனொளிர்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தியும் அது போகவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ராமனும் அதை விடாமல் தொடர்ந்தார்கள். அது உடனொளிர்தலே அல்ல, புதியதொரு விளைவு என்று 1928 பிப்ரவரி 28-ல் உறுதியானது. அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். மின்னுவதைப் பார்த்ததும் இதுதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தால் 1930-ன் நோபல் பரிசு கைநழுவியிருக்கும்.

உட் செய்த கருப்புக் கண்ணாடி

ஸ்டோக்ஸ் காலத்தில் புற ஊதாவைத் தனியே பிரித்தெடுப்பது பெரும்பாடு. சுற்றியுள்ள சாதாரண வெளிச்சம் அந்த மெல்லிய ஒளிர்வை மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, புற ஊதாவை மட்டும் வெளியே விடும் கண்ணாடி தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் வில்லியம்ஸ் உட் 1903-ல் அதைச் செய்தார். நிக்கல் ஆக்சைடு கலந்த அந்தக் கண்ணாடி பார்க்கக் கருப்பாக இருக்கும். அதற்கு இன்றும் உட் கண்ணாடி என்றே பெயர்.

முதல் உலகப் போரில் இரவு நேர ரகசிய சமிக்ஞைக்கு இதைப் பயன்படுத்தினார்கள். விளக்கு எரியும், எதிரிக்குத் தெரியாது. அந்த ஒளி பட்டால் ஒளிரும் திரை உள்ள தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும்.

போர் முடிந்ததும் இது மருத்துவருக்குப் போனது. 1925-ல் பிரான்ஸில் மார்கரோ, தெவேஸ் என்ற இரண்டு மருத்துவர்கள், பூஞ்சைத் தொற்று உள்ள தலைமுடி இந்த விளக்கின் கீழ் ஒளிர்வதைக் கண்டு எழுதினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் படர்தாமரையில் சில வகை பச்சையாக மின்னும். இன்றும் தோல் மருத்துவர் அறையை இருட்டாக்கி ஒரு விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். அதன் பெயர் உட் விளக்கு. வெண்புள்ளி உள்ள இடத்தில் நிறமி இல்லாததால், அந்த இடம் பளிச்சென்று நீல வெள்ளையாகத் தனித்துத் தெரியும். சாதாரணத் தேமலா, வெண்புள்ளியா என்று தவிக்கும் தாய்க்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டியூப்லைட்டின் தம்பி

நம் வீட்டில் இப்போது மறைந்துவரும் டியூப்லைட்டும் இந்தக் குடும்பம்தான். குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாய்ந்தால் அது பெரும்பாலும் 254 நானோமீட்டர் புற ஊதாவைத் தருகிறது. குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கி வெள்ளை வெளிச்சமாக மாற்றுகிறது. உடைந்த டியூப்லைட்டில் மாவு போல் ஒட்டியிருக்குமே, அந்தப் பொடிதான்.

பிளாக் லைட் குழாயில் பொடி வேறு. அது 254-ஐ ஏறக்குறைய 370-ஆக மட்டும் மாற்றும். குழாயின் கண்ணாடி உட் கண்ணாடி போலக் கரு ஊதாவாக இருக்கும். நமக்குத் தெரியும் மங்கலான ஊதா, தப்பித்து வெளியே வரும் மிச்சம்தான். கருப்புக் கண்ணாடி இல்லாமல் வெறும் பொடியோடு செய்த நீலக் குழாயைப் பேக்கரியிலும் ஓட்டலிலும் பூச்சி பிடிக்கும் கூண்டில் மாட்டியிருப்பார்கள். பூச்சிகளின் கண் இந்த ஒளியை நன்றாகப் பார்க்கும், அதனால் தேடி வரும்.

இப்போது வரும் டார்ச்சுகளில் பாதரசம் இல்லை, எல்.இ.டி. உண்டு. மலிவானவை பெரும்பாலும் 395 நானோமீட்டர். அவற்றில் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறையக் கலந்திருக்கும். பட்ட இடமெல்லாம் ஊதாவாகத் தெரிவதால் உண்மையான ஒளிர்வு மறைந்துபோகும். 365 என்று போட்டது விலை கூடுதல், வேலை சுத்தம்.

விபத்தில் பிறந்த வண்ணம்

1933-ல் கலிபோர்னியாவில் பாப் ஸ்விட்சர் என்ற மாணவர் வேலை செய்யும் இடத்தில் விபத்தில் சிக்கித் தலையிலும் கண் நரம்பிலும் காயம்பட்டார். மருத்துவராகும் கனவு போயிற்று. இருட்டறையில் இருக்கச் சொன்னார்கள். அவர் தம்பி ஜோவுக்கு மேஜிக் ஷோ நடத்தும் ஆசை. இரண்டு பேரும் ஒரு பிளாக் லைட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் மருந்துக் கடைக் கிடங்கில் எது மின்னுகிறது என்று தேடினார்கள். கிடைத்ததை வார்னிஷில் கலந்து, மேடையில் இருட்டில் மின்னும் வண்ணமாக்கினார்கள்.

அடுத்த கட்டமாக, பகல் வெளிச்சத்திலேயே பளீரென்று தெரியும் டே-க்ளோ வண்ணங்களைச் செய்தார்கள். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாவையும் நீலத்தையும் வாங்கி ஆரஞ்சாகவும் எலுமிச்சை மஞ்சளாகவும் தருவதால், சாதாரண வண்ணத்தைவிடத் தூக்கலாகத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்குச் சைகை காட்டும் துணிகளுக்கு அது பயன்பட்டது. இன்று சாலைப் பணியாளரின் சட்டையும், ஆடிட்டர் கையில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவும் அதே வம்சம்.

போரின்போது இந்தச் சகோதரர்கள் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். உலோகப் பாகத்தின் மேல் ஒளிரும் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டால், மயிரிழை விரிசலுக்குள் புகுந்தது மட்டும் தங்கிவிடும். பிளாக் லைட்டில் அந்த விரிசல் கோடு போட்டதுபோல் மின்னும். விமான எஞ்சின் பாகங்களை இன்றும் இப்படிச் சோதிக்கிறார்கள். கார் ஏசியில் எங்கே வாயு கசிகிறது என்று ஒளிரும் சாயம் விட்டுப் பார்க்கும் மெக்கானிக்கும் இவர்களின் சீடர்தான்.

வெள்ளையைவிட வெள்ளை

அடுத்து சலவைக்கு வருவோம். பருத்தித் துணி பழசானால் மஞ்சளடிக்கும். அந்தக் காலத்தில் நீலம் போட்டார்கள். நீலம் என்பது சாயம். மஞ்சளை மறைக்குமே தவிர ஒளிராது. 1929-ல் ஜெர்மனியில் பால் க்ரைஸ் என்பவர், ஒருவகை செஸ்ட்நட் மரப்பட்டையில் உள்ள ஒளிரும் பொருளில் ரேயான் துணியை ஊறவைத்தார். துணி வெள்ளையாகத் தெரிந்தது. வெயிலில் உள்ள புற ஊதாவை நீலமாக மாற்றித் தருவதால் மஞ்சள் அமுங்கிப் போகிறது. சொல்லப்போனால் துணி மேல் விழும் வெளிச்சத்தைவிடக் கூடுதல் வெளிச்சம் அதிலிருந்து வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றும்.

1940-களில் இது சலவைத் தூளுக்குள் வந்தது. நம்மூரில் டினோபால் என்று ஒன்று வந்து, பிறகு ராணிபால் ஆனது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அரசியல்வாதியின் வேட்டி வெயிலில் கண்ணைப் பறிப்பதற்கு மனசாட்சி காரணமல்ல, இந்தப் பொருள்தான். இப்போது ஏறக்குறைய எல்லா சலவைத் தூளிலும் அது உண்டு. நாம் எழுதும் வெள்ளைத் தாளிலும் உண்டு. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

நிலக்கடலையில் மறைந்திருந்த விஷம்

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. காரணம் தெரியாததால் அந்த நோய்க்கு எக்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். தீவனத்தில் கலந்த, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பூஞ்சை சுரந்த விஷத்தைப் பிரித்துப் புற ஊதாவில் வைத்தபோது சில நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்ந்தன. ஆங்கிலத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள முதல் எழுத்தைக் கொண்டே பி, ஜி என்று பெயரிட்டார்கள். அதுதான் அஃப்ளடாக்சின். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் விஷம்.

இதைப் படித்துவிட்டு வீட்டுக் கடலையை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாம். விஷத்தை ஆய்வகத்தில் பிரித்தெடுத்த பிறகு பார்த்த ஒளிர்வு அது. பூஞ்சை வாடை அடித்தால், சுருங்கி நிறம் மாறியிருந்தால் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள். மின்னாத கடலை நல்ல கடலை என்று எந்த டார்ச்சும் சான்றிதழ் தராது.

நோட்டுக்கு வருவோம்

1996-ல் ரிசர்வ் வங்கி மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளை வெளியிட்டபோது, நோட்டின் எண்களை ஒளிரும் மையில் அச்சிட்டது. தாளுக்குள் சின்னச் சின்ன இழைகளைத் தூவியது. பிளாக் லைட்டில் வைத்தால் எண் ஒளிரும், இழைகள் அங்கங்கே நிறம் காட்டும். இப்போதைய நோட்டுகளில் பாதுகாப்பு நூலும் மஞ்சளாக ஒளிரும்.

பலர் கவனிக்காத விஷயம், தாள் ஒளிரக் கூடாது என்பது. நோட்டுத் தாள் பருத்தியில் செய்தது, அதில் வெண்மையூட்டி சேர்ப்பதில்லை. அதனால் விளக்கின் கீழ் மங்கிக் கிடக்கும். கடைத் தாளில் அச்சடித்த போலி, தாள் முழுக்க நீலமாகப் பளீரிடும். எண் மின்னுவதைவிட, தாள் மின்னாமல் இருப்பதைத்தான் எங்கள் கேஷியர்கள் முதலில் பார்ப்பார்கள்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல வருடங்களுக்கு முன் எங்கள் கிளைக்கு ஒரு பூக்காரம்மா வந்தார். கையில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. கடையில் விளக்கில் வைத்துப் பார்த்து, "இது செல்லாதும்மா, கள்ள நோட்டு" என்று நாலு பேர் முன்னால் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் மார்க்கெட்டுக்குப் பூ எடுக்க அவரிடம் இருந்த முதல் அதுதான். முகம் வெளுத்துப்போய் நின்றார்.

எங்கள் தலைமை கேஷியர் விளக்கில் வைத்தார். நோட்டு நீலமாகத்தான் மின்னியது. உடனே முடிவு சொல்லவில்லை. வெளிச்சத்தில் தூக்கி நீர்க்குறி பார்த்தார். விரலால் தடவி அச்சின் மேடு பார்த்தார். நூலைப் பார்த்தார். மறுபடி விளக்கில் வைத்து, அந்த நீலத்துக்கு நடுவே எண்ணும் இழைகளும் தனியாக ஒளிர்வதைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, துணியோட சேத்துத் துவைச்சிட்டீங்களா?"

"ஆமாங்கய்யா. முந்தானையில முடிஞ்சி வெச்சிருந்தேன். மறந்துபோயி அப்படியே சோப்புத் தூள்ல ஊற வெச்சிட்டேன்."

பருத்தி வேட்டியில் ஒட்டும் வெண்மையூட்டி பருத்தித் தாளிலும் ஒட்டத்தானே செய்யும்! நோட்டு நல்ல நோட்டு. மாற்றிக் கொடுத்து அனுப்பினார். அந்த அம்மாள் பணத்தைவிட, "கள்ள நோட்டு இல்லன்னு சொல்லிட்டாங்க" என்பதைத்தான் வாசல் வரை சொல்லிக்கொண்டு போனார்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் குடியிருப்பில் இன்று டார்ச் இருப்பது நம் கையில். நோட்டு கொடுப்பவர் இஸ்திரி போடுபவராகவோ, காய்கறி வண்டிக்காரராகவோ, சில்லறை திருப்பித் தரும் வீட்டு வேலை செய்யும் அம்மாவாகவோ இருப்பார். துவைத்த நோட்டு யார் கைக்கும் வரலாம். விளக்கு சொல்வது, "இங்கே வெண்மையூட்டி இருக்கிறது" என்று மட்டுமே. "இவர் ஏமாற்றுக்காரர்" என்று அது சொல்வதில்லை.

நோட்டில் சந்தேகம் வந்தால் முதலில் விளக்கில்லாமல் பாருங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு நூல் பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். வெளிச்சத்தில் காந்தியின் நீர்க்குறி தெரிய வேண்டும். இரு ஓரத்திலும் ஐந்து ஐந்து மேடான கோடுகள் தட்டுப்பட வேண்டும். எண்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். அப்புறமும் சந்தேகம் என்றால் வங்கிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வங்கி அது கள்ள நோட்டு என்று முடிவு செய்தால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது தரும். நோட்டைத் திருப்பித் தரமாட்டார்கள், அதற்குப் பணமும் கிடைக்காது. ஒரே தடவையில் நாலு நோட்டு வரை என்றால் மாத அறிக்கையில் சேர்த்துப் போலீஸுக்குத் தெரிவிப்பார்கள். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். நஷ்டம்தான், ஆனால் தெரிந்தே வேறொருவர் தலையில் கட்டுவது குற்றம்.

வீட்டில் எதற்கு உதவும்?

இரவில் அறையை இருட்டாக்கிப் பார்த்தால் நிறைய வேடிக்கை உண்டு. விடுமுறையில் பேரக் குழந்தைகளோடு செய்து பார்க்கலாம்.

கை கழுவும் சானிடைசரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கலக்கி விளக்கடித்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை கரைந்த தண்ணீரும் அப்படியே. கீரையை நசுக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்தால், பச்சை நீர் சிவப்பாக ஒளிரும். குளிர்பானக் கடையில் விற்கும் டானிக் வாட்டரில் கொயினா இருப்பதால், ஸ்டோக்ஸ் பார்த்த அதே நீலத்தை நாமும் பார்க்கலாம்.

பூனை, நாய், எலி சிறுநீர் கழித்த இடம் மங்கலான மஞ்சளாகத் தெரியும். லிஃப்ட் மூலையிலும் மாடிப்படியிலும் வாடைக்குக் காரணம் தேடுபவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். ஆனால் தரை துடைக்கும் திரவம், சிந்திய சலவைத் தூள், பழச்சாறு எல்லாமே ஒளிரக்கூடும். மின்னும் ஒவ்வொரு திட்டுக்கும் பக்கத்து வீட்டு நாயைக் குற்றம் சொல்லக் கூடாது. டிவி தொடர்களில் வருவதுபோல் ரத்தக்கறை இந்த விளக்கில் மின்னாது, இருண்டுதான் தெரியும்.

தேள் மட்டும் ஏமாற்றாது. 1950-களில் கண்டறிந்த விஷயம் இது. தேளின் மேலோடு பிளாக் லைட்டில் நீலம் கலந்த பச்சையாகப் பளபளக்கும். தோட்டத்து ஓரம், செங்கல் குவியல் பக்கம் இரவில் போகிறவர்கள் டார்ச் எடுத்துப் போகலாம்.

எச்சரிக்கை

கடைசியாக, மிக முக்கியமானது. புற ஊதாவில் வகை உண்டு. 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ வகை. பிளாக் லைட் இதில் சேர்ந்தது. 280-க்குக் கீழே சி வகை. கிருமியைக் கொல்வது இந்த சி வகைதான். நம் சமையலறை வாட்டர் ஃபில்டரில் மூடிய குழலுக்குள் எரியும் விளக்கு அது. ஊதா டார்ச்சைக் காய்கறி மேலோ பால் பாக்கெட் மேலோ அடித்துக் கிருமி போய்விட்டது என்று நம்புவது வெறும் ஆறுதல். கழுவுவதுதான் வழி.

சி வகை விளக்கை வெறும் கண்ணால் பார்ப்பது ஆபத்து. வெல்டிங் வெளிச்சம் பார்த்தவருக்கு வருவதுபோல், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் எரியும். கொரோனா காலத்தில் பலர் வாங்கிய கிருமி நாசினிக் குச்சிகளை, கையிலும் தோலிலும் காட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. ஃபில்டரின் யு.வி. விளக்கை எரிய விட்டபடி வெளியே எடுத்துப் பார்க்கக் கூடாது. சர்வீஸ் ஆளிடம் விட்டுவிடுங்கள்.

பிளாக் லைட் அந்த அளவு ஆபத்தில்லை. ஆனாலும் நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. சாதாரண வெளிச்சம் பிரகாசமாக இருந்தால் கண்மணி சுருங்கிக்கொள்ளும், நாமும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாததால் கண்மணி சுருங்காது, உள்ளே போவதும் தெரியாது. குழந்தைகள் கையில் கொடுத்தால் கூடவே இருங்கள். முகத்துக்கு நேரே அடித்து விளையாட விடாதீர்கள்.

டார்ச் வாங்கியவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. 365 என்று போட்டிருந்தால் நல்ல பொருள்தான். தேள் பார்க்கவும், கசிவு பார்க்கவும், பேரனுக்கு மஞ்சள் தூளின் மாயத்தைக் காட்டவும் உதவும். நோட்டில் ஐயம் என்றால் வங்கியையும், தோலில் ஐயம் என்றால் மருத்துவரையும் கேட்டுவிடுவதுதான் நல்லது.